பதினாறு ஐஸ் கட்டிகள்

இரண்டு வருடங்களுக்கு முன், பங்குனி மாதத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் நடந்தது இது. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறோம். கடல் பக்கத்திலேயே வீடா, காற்றுக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் பங்குனியில் ஒரு நாள் வந்து இருந்து பார்க்க வேண்டும். எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் இன்னும் இரண்டு தொடர்மாடிகள் எழும்பிவிட்டன. ரயில் சத்தம் வரும், உப்பு வந்து ஜன்னல் கம்பியைத் தின்னும், காற்று மட்டும் வராது.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் நடந்தது விளங்கும். நான் பாலர் பாடசாலை ஆசிரியை. மதியத்தோடு வேலை முடிந்துவிடும், அதிகாரம் முடியாது. நாலு வயதுப் பிள்ளைகளை "குடி, குடி, இன்னும் ஒரு வாய்" என்று மிரட்டிப் பழகிய வாய் வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. என் மகள் சோடா குடித்துக் குடித்தே வயிற்றைக் கெடுத்துக்கொண்ட வருடம், வீட்டிலிருந்த போத்தல்கள், பெட்டிப் பானங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியேற்றிவிட்டு, நானே பழங்களை உறைய வைத்து அரைக்கத் தொடங்கினேன். மகள் கம்பஸுக்குப் போய்விட்டாள். பழக்கம் என்னோடு நின்றுவிட்டது.

அதில் எனக்குப் பெருமை உண்டு, ஒளிக்க மாட்டேன். பழக்கடைக்காரர் பொழுதுபடும் நேரம் மலிவாகத் தள்ளிவிடும் நன்கு பழுத்த பழங்களாகப் பார்த்து வாங்குவேன். பப்பாசி, அன்னாசி, மாம்பழம், கதலி வாழைப்பழம். தோல் சீவி, துண்டு போட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வைப்பேன். இறுகிய பிறகு பைகளில் கட்டிவிடுவேன். ஐஸ் போட்டு அரைத்தால் கரைந்து தண்ணீராகிவிடும். பழமே ஐஸாக இருந்தால் கடைசி வாய் வரை பழம்தான். இனிப்புக்கு வாழைப்பழம், புளிப்புக்குக் கொடித்தோடைப் பழம், அரைக்கச் செவ்விளநீர். சீனி ஒரு கரண்டி கிடையாது, பால்மா கிடையாது, கலர் கிடையாது. ப்ளெண்டர் முதலில் கல் உடைப்பது போல் கத்தும். பிறகு குரல் மெல்ல இறங்கும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்த யாரும் அதைக் குடிக்காமல் திரும்பியதில்லை. காவலாளி குடித்தார், மீட்டர் பார்க்க வந்தவர் குடித்தார், மேல்மாடியில் பெண் பார்க்க வந்து கதவு மாறி எங்கள் வீட்டு மணியை அடித்தவர்களும் குடித்துவிட்டுத்தான் போனார்கள். "ஆக்கள் இப்ப லிஃப்டில வாறேல்லை, கவனிச்சனீரே? லிஃப்டுக்குப் பக்கத்தில எங்கட கதவு. உம்மட ஜூஸுக்குப் பயந்து படியால போகினம்" என்று என் கணவர் கேலி செய்வார். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்த வருடம் தை மாதத்தில் எதிர் வீட்டுக்கு ஒரு முஸ்லிம் தம்பதி குடிவந்தார்கள். அவருக்கு அறுபது வயதிருக்கும். அவவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட. அவர்கள் வழக்கப்படி மனைவியைத் தாத்தா, அதாவது அக்கா என்றும், கணவரை நானா, அதாவது அண்ணன் என்றும் கூப்பிட்டேன். அவர்கள் என்னைத் தங்கச்சி என்றார்கள். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். நானா மெலிந்த, நிறம் மங்கிய மனிதர். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். கிழமையில் இரண்டு நாள் காலையில் இருவரும் ஆட்டோ பிடித்து எங்கோ போய்ப் பின்னேரம் வருவார்கள். கடை கண்ணி ஏதாவது இருக்கும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் எனக்கு, ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்கும் பழக்கம் அப்போது இருந்ததில்லை.

நோன்பு தொடங்கியது. முதல் நாள் மாலையே கதவு தட்டப்பட்டது. நீல மூடி போட்ட ஒரு ஜக் நிறைய நோன்புக் கஞ்சி, சுடச்சுட, தேங்காய்ப்பால் மணத்தோடு. தாத்தா ஜக்கை என் கையில் தந்துவிட்டு, பள்ளிவாசலில் பாங்கு சொல்லப்போகிறது என்று ஓட்டமாகத் திரும்பிவிட்டார். கொழும்பில் அயலுக்குள் இருந்தவர்களுக்கு இந்தச் சட்டம் தெரியும்: வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பக்கூடாது. கஞ்சி வந்தால் வடையாவது போக வேண்டும், வட்டிலப்பம் வந்தால் மாம்பழமாவது போக வேண்டும். நான் அன்று கடலை வடை போட்டு அனுப்பினேன். மறுநாள் மீண்டும் கஞ்சி வந்தது. இப்படியே அந்த ஜக் எங்கள் இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தது.

அந்த நாட்களில்தான் நான் அதைக் கண்டேன். மதியம் நான் வேலை முடிந்து வரும்போது, கொஞ்சமாவது காற்று வரட்டும் என்று அவர்கள் கதவு திறந்திருக்கும். நானா பிரம்பு நாற்காலியில் இருப்பார். ஒரு நாள் அவர், "தொண்ட காஞ்சி போச்சு, கொஞ்சம் தண்ணி தாங்களே" என்று கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. தாத்தா உள்ளே போய் ஒரு சின்னக் கோப்பையோடு வந்தார். கோப்பைக்குள் ஒரே ஒரு ஐஸ் கட்டி. நானா அதை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டார். "இப்பதானே ஒண்டு தந்தேன். அசர் வரைக்கும் பொறுங்க" என்றார் தாத்தா. அசர் என்பது பின்னேரத் தொழுகை. அப்போது மணி ஒன்றரை.

எனக்குத் தலை சுற்றியது. நோன்பு பிடிப்பது அவ. அவர் பிடிக்கவில்லை என்பது தெரிகிறது. பிறகு அந்த மனிதருக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுக்க என்ன வந்தது? அடுத்த நாளும் அதேதான், ஒரு கட்டி. அதற்கடுத்த நாள் கதவைத் தாண்டும்போது வேண்டுமென்றே மெதுவாக நடந்து பார்த்தேன். ஒரு கட்டி.

"ஒரு மனுசி புருசனுக்குத் தண்ணியை அளந்து குடுக்கிறதை நான் என்ர சீவியத்தில காணேல்லை" என்று இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் கொதித்தேன். அவர் பிட்டைக் குழைத்துக்கொண்டே, "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அவையின்ர வீட்டுப் பாட்டை அவை பாப்பினம், நீர் பேசாமல் இரும்" என்றார். நான் பேசாமல் இருக்கும் ஆளா?

நோன்பு பாதி கழிந்த ஒரு நாள். அன்றைய வெயிலுக்குக் காகம்கூடக் கரையவில்லை. பின்னேரம் தெஹிவளைப் பக்கம் போய் நல்ல செவ்விளநீர் இரண்டு வெட்டுவித்துப் போத்தலில் வாங்கி வந்தேன். ஃப்ரீசரில் மாம்பழத் துண்டு இருந்தது, வாழைப்பழம் இருந்தது. என் கைவண்ணம் முழுவதையும் அன்று காட்டினேன். முதல்நாள் கஞ்சி வந்த நீல மூடி ஜக்கை நிறைத்து, பாங்கு சொல்லி முடியும்வரை காத்திருந்து, கையில் ஒரு கண்ணாடிக் கிளாஸும் எடுத்துக்கொண்டு எதிர்க் கதவைத் தட்டினேன். தாத்தா பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்து, உள்ளே தொழப் போயிருப்பார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

நானா கதவைத் திறந்தார். "அவ தொழுறா" என்றார்.

"பரவாயில்லை நானா, இது உங்களுக்குத்தான். சுத்தமான பழம், ஒரு துளி சீனி இல்லை. உடம்புக்குக் குளிர்மை" என்று சொல்லிக்கொண்டே அவர் பதிலுக்குக் காத்திராமல் கிளாஸை நிறைத்து நீட்டினேன்.

அவர் உடனே குடிக்கவில்லை. கிளாஸை வாங்கி முதலில் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு மற்றக் கன்னத்தில். உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குடித்தார், நடுவில் மூச்சு விடாமல். கிளாஸை இறக்கியபோது அவர் கண் கலங்கியிருந்தது. நான் கேட்காமலே இரண்டாவது கிளாஸை ஊற்றினேன். அதையும் குடித்தார். வாயைக் கையால் துடைத்துவிட்டு, "அவக்கிட்ட செல்ல வாணம் தங்கச்சி" என்றார், மெல்லிய குரலில். சொல்லமாட்டேன் என்று நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். மீதியை மேசையில் வைத்தேன். அன்று நான் வீட்டுக்கு வந்த நடையைப் பார்த்திருந்தால், ஏதோ தேர்தலில் வென்று வருகிறேன் என்றுதான் நினைத்திருப்பீர்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தட்டல் இல்லை, அடி. தாத்தா தலையில் முக்காடு சரியாமல் பிடித்தபடி நின்றார். "நானாக்கு ஏலாமப் போச்சு. காலத் தூக்க ஏலாதாம். மூச்சு முட்டுது" என்றார். நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். நானா கட்டிலில் சாய்ந்திருந்தார். கால்கள் வேறு யாருடையதோ போல் அசையாமல் கிடந்தன. நெஞ்சில் கையை வைத்து, "ஒரு மாதிரி அடிக்குது" என்றார்.

லிஃப்ட் அன்று பார்த்துப் பழுது. என் கணவரும் காவலாளியும் அவரைப் பிரம்பு நாற்காலியோடு தூக்கி மூன்று மாடி இறக்கினார்கள். எங்கள் காரில் ஏற்றினோம். பின் இருக்கையில் அவர் தலையைத் தாத்தா மடியில் வைத்திருந்தார். கால்களை நான் பிடித்திருந்தேன். காற்றுப் படட்டும் என்று தாத்தா அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். முழங்கைக்கு மேலே நரம்பு கயிறு போலப் புடைத்து, முழுக்க ஊசி ஏறிய தழும்புகள். சிறுநீரகம் பழுதாகி டயலிசிஸ் செய்துவந்த என் மாமா ஒருவரின் கை கடைசிக் காலத்தில் அப்படித்தான் இருந்தது. கிழமையில் இரண்டு நாள் ஆட்டோ எங்கே போனது என்று அந்த நொடியில் எனக்கு விளங்கியது. மாமாவுக்கு எதையெல்லாம் கொடுக்கக்கூடாது என்று மாமி சமையலறையில் ஒட்டி வைத்திருந்த தாளும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அதில் முதல் வரி இளநீர். இரண்டாவது வாழைப்பழம். மூன்றாவதை நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் பிள்ளை ஓடி வந்து பார்த்தார். சிங்களமும் கொஞ்சம் தமிழும் கலந்து கேள்வி கேட்டார். கடைசி டயலிசிஸ் எப்போது, நேற்று என்ன சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார். தாத்தா தடுமாறாமல் சொன்னார். காலையில் அரைக் கப் பிளேன்டி, பால் விடாத தேநீர். மருந்து விழுங்க இரண்டு மிடறு. நாள் முழுவதற்கும் பதினாறு ஐஸ் கட்டி. அவ்வளவுதான்.

"தம்பிலி பிவ்வத?" என்று டொக்டர் கேட்டார். செவ்விளநீர் குடித்தாரா என்று.

"இல்ல, இல்ல. எங்கட ஊட்டுக்குள்ள தம்பிலி வாரதே இல்ல. பழமும் ஒண்டும் குடுக்கல்ல" என்று தாத்தா அடித்துச் சொன்னார். நானா கண்ணை மூடிக்கொண்டார்.

நான் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேசாமல் இருந்திருக்கலாம். நானா சொல்லமாட்டார், எனக்கு அது தெரியும். மீதி ஜக்கை அவர் எங்கேயோ ஊற்றிக் கழுவி வைத்திருப்பார். என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை. என் தொண்டை அப்படி வறண்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. டொக்டர் திரும்பப் போகும் நேரத்தில், "மம தமய் துன்னே" என்றேன். நான்தான் கொடுத்தேன். பிறகு தமிழில், யாரையும் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னேன். செவ்விளநீர், வாழைப்பழம், மாம்பழம். பெரிய கிளாஸ். இரண்டு.

டொக்டர் என்னைத் திட்டவில்லை. திட்ட அவருக்கு நேரமும் இல்லை. தாதிமாரைக் கூப்பிட்டு வேகமாக ஏதேதோ சொன்னார். நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள், ஊசி போட்டார்கள், பிறகு டயலிசிஸுக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது டொக்டர் ஒரு நொடி நின்று, அந்தப் பழங்களில் இருக்கும் பொட்டாசியம் நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு நன்மை, இவருக்கு இதயத்தையே நிறுத்திவிடும் என்றார். நான் சொன்னது நல்லதாகப் போயிற்று, இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் மருந்தைத் தொடங்க முடிந்தது என்றும் சொன்னார்.

அதன் பிறகு நானும் தாத்தாவும் நடைபாதையில் ஒரு மர வாங்கில் அமர்ந்திருந்தோம். என் கணவர் காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவவிடம் நீட்டினேன். "நோன்பு" என்றார். பழக்கதோஷம் பாருங்கள், அந்த நேரத்திலும் நான் ஒருவரைக் குடிக்க வைக்கத்தான் பார்த்தேன்.

அப்போதுதான் அழுதேன். மன்னித்துக்கொள்ளுங்கோ தாத்தா என்று கையைப் பிடித்தேன். உங்களைக் கஞ்சப் பிசினாரி என்று நினைத்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அதையும் சொல்லாவிட்டால் மன்னிப்புக் கேட்டதாகாது என்று பட்டது.

தாத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"குடிச்ச நேரம் அவர்ட மொகம் எப்பிடி ஈந்த?"

அவர் முகம் எப்படி இருந்தது என்று எதற்குக் கேட்கிறார், எனக்கு விளங்கவில்லை. மறுபடியும் கேட்டார். நான் சொன்னேன். கிளாஸைக் கன்னத்தில் வைத்தார், மூச்சு விடாமல் குடித்தார், கண் கலங்கியது, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் துடைத்தார்.

தாத்தா தலையாட்டினார். "ரெண்டு வருஷமா அந்த மொகத்த நான் காணல்ல" என்றார். முக்காட்டு நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

பிறகு அவராகவே பேசினார். கிட்னி இரண்டும் செயலிழந்து இரண்டு வருடம். குடிக்கும் தண்ணீர் வெளியே போக வழியில்லை, உடம்பிலேயே தேங்கும், நெஞ்சில் ஏறும். கிளாஸில் கொடுத்தால் இரண்டு மிடறில் தீர்ந்துவிடும், தாகம் அப்படியே இருக்கும். ஐஸாக்கினால் அதே தண்ணீர் வாயில் நெடுநேரம் இருக்கும். டொக்டர் சொன்ன அளவை இரவில் அளந்து, ஒரு தட்டில் பதினாறு கட்டியாக ஊற்றி வைப்பாராம். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் அவருக்கு அலுத்துவிடும் என்று, நாலில் தேசிக்காய்ப் புளி ஒரு சொட்டு, நாலில் அன்னாசி வாசத்துக்கு ஒரு சொட்டு, இரண்டில் புதினா இலை ஒன்று. அதையும் கிளினிக்கில் கேட்டுத்தான். வெள்ளிக்கிழமைகளில் ஒரு கட்டிக்குள் ஒரு முந்திரிகை, அதாவது திராட்சைப் பழம். எந்தக் கட்டி எப்போது வரும் என்று அவருக்குச் சொல்லமாட்டாராம். "அது ஒரு வெளாட்டு மாதிரி. பாத்துக்கொண்டு ஈப்பார்" என்றார்.

பழத்தை உறைய வைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன். ஜக்கு ஜக்காக நான் செய்த கெட்டித்தனம் எல்லாம் அந்த ஒரு சொட்டு அன்னாசிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஏன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். தாத்தாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "வருத்தம்னு செல்லிட்டா ஆக்கள் பாக்க வருவாங்க. வந்தா என்னத்தக் கொண்டு வருவாங்க? தோடம்பழமும் வாழப்பழமும்தானே" என்றார். உண்மைதான். நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போகாத சனம் நாங்கள். பழைய வீட்டில் வந்து குவிந்த பழங்களை நானா பார்த்துக்கொண்டே இருப்பாராம். அதனால்தான் புது இடத்தில் யாருக்கும் சொல்லவில்லை.

கடைசியாக அவர் சொன்னதுதான் இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது. இந்த வெயிலில் நோன்பும் பிடித்துக்கொண்டு இவரையும் பார்ப்பது கஷ்டம் இல்லையா என்று கேட்டேன். "மத்தப் பதினொரு மாசமும் அவர் தனியத்தான் தாகத்தோட ஈக்கிறார். இந்த ஒரு மாசம்தான் நானும் கூட ஈக்கிறேன். எனக்கு இது லேசு" என்றார்.

நானா பிழைத்துவிட்டார். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். நான் போய்ப் பார்த்தபோது, "நீங்க ஊத்தின, சரி. நான் தெரிஞ்சுகொண்டு குடிச்ச. என்ட பிழதான் பெருசு" என்றார். தாத்தா அடுக்களையிலிருந்து வெளியே வரவில்லை. எனக்கு அது சுருக்கென்று குத்தியது. ஆஸ்பத்திரியில் பதற்றத்தில் பேசியது வேறு, வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால் வேறுதானே. புருஷனைச் சாகடித்திருக்கக்கூடிய ஒருத்தியை யார் திரும்ப வாசலில் ஏற்றுவார்கள்?

அன்று மாலை கஞ்சி வரவில்லை. பாங்கு சொன்னது, நான் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். தட்டல் இல்லை. அடுத்த நாளும் இல்லை. நீல மூடி ஜக் அவர்கள் வீட்டில்தான் இருந்தது, அது இனி வராது என்றே நினைத்தேன். என் ஃப்ரீசரில் இருந்த பழப்பைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ப்ளெண்டரைக் கழுவித் துடைத்து அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். என் கணவர் அந்த இரண்டு நாளும் கேலி ஒன்றும் செய்யவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் கதவு தட்டப்பட்டது.

தாத்தா நின்றார். ஒரு கையில் நீல மூடி ஜக், கஞ்சியின் சூட்டில் மூடி வியர்த்திருந்தது. "ஆஸ்பத்திரி அலைச்சல்ல இத்தன நாளாக் கஞ்சி காச்ச ஏலல்ல" என்றார், ஏதோ அவர்தான் குற்றம் செய்தது போல. மற்றக் கையில் துணியால் மூடிய ஒரு தட்டு. ஐஸ் தட்டு. ஊற்றிய தண்ணீர் சிந்தாமல் நிமிர்த்திப் பிடித்திருந்தார்.

"இத உங்கட ஃப்ரீசர்ல வெச்சிக்கொள்ள ஏலுமா தங்கச்சி? நம்மட ஊட்டுல வெச்சா நான் தொழுற நேரம் பாத்துக் களவெடுக்கிறார். நாளைக்கிப் பின்னேரத்துக்கு உள்ளது எட்டு. நான் கேட்டாலும் கூடத் தர வாணம், அவர் கேட்டாலும் தர வாணம்" என்றார்.

நான் தட்டை வாங்கினேன். வாங்கிய அவசரத்தில் அது சாய்ந்து, ஒரு குழியிலிருந்து கொஞ்சம் சிந்தப் பார்த்தது. "மெல்ல, மெல்ல. அது அவர்ட தண்ணி" என்றார் தாத்தா. யாருக்கு ஊற்றுகிறேன் என்று பாராமல் இரண்டு கிளாஸ் ஊற்றிய அதே கையில், தன் புருஷனின் பாதி நாளைத் தூக்கித் தந்துவிட்டுப் போனார். நான் கதவைச் சாத்திவிட்டு அந்தத் தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

அன்றிலிருந்து பின்னேரக் கட்டிகள் என் பொறுப்பு. நோன்பு முடிந்தும் அது முடியவில்லை. இரண்டு வருடமாக, வேலை முடிந்து வந்ததும், சொன்ன மணிக்கு ஒவ்வொன்றாகக் கோப்பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஒருமுறை புறக்கோட்டையில் சின்னக் குழிகள் உள்ள ஐஸ் தட்டு ஒன்றைக் கண்டு வாங்கி வந்தேன். அதே தண்ணீர்தான், அதில் ஊற்றினால் எட்டு பதினாறாகும். தாத்தா அளந்து பார்த்துவிட்டுச் சம்மதித்தார். நானா முதல் நாள் எண்ணிப் பார்த்து, "கூடியிருக்கிற மாதிரி ஈக்கே" என்றார். "கண்ணுக்குத்தான்" என்றார் தாத்தா. இருவரும் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல பழப்பானம் எது என்று கேட்டால், ஒரு துளிப் பழம்தான் அதில் இருக்கிறது என்று சொல்வேன்.

ப்ளெண்டரும் அலுமாரியிலிருந்து இறங்கிவிட்டது. வெயில் காலம் வந்தால் இப்போதும் மாம்பழம் வெட்டுகிறேன், வாழைப்பழம் உறைய வைக்கிறேன், வருகிறவர்களுக்கு அரைத்துக் கொடுக்கிறேன். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. கிளாஸை நிறைப்பதற்கு முன், "உங்களுக்கு இது ஒத்துக்கொள்ளுமோ?" என்று கேட்கிறேன். சிலருக்கு அது விசித்திரமாகப் படுகிறது. சிலர் அப்போதுதான் வாயைத் திறந்து, யாருக்கும் சொல்லாத தங்கள் நோய் வருத்தத்தைச் சொல்கிறார்கள். என் கணவர், "இப்ப ஜூஸ் குடுக்கிறதுக்கும் நேர்முகப் பரீட்சை வைக்கிறீர்" என்று பழையபடி கேலி செய்யத் தொடங்கிவிட்டார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். அதைக் கஞ்சர்களுக்காகச் சொன்ன பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன். அள்ளிக் கொடுக்கும் அன்பு எனக்கு எப்போதும் வரும். கேட்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நெஞ்சு வலிக்க வலிக்க, ஒரே ஒரு கட்டியைக் கொடுத்துவிட்டு அடுத்த வேளை வரை பொறுக்கச் சொல்வதற்கு எவ்வளவு பெரிய அன்பு வேண்டும் என்பதை, ஒவ்வொரு பின்னேரமும் அந்தச் சின்னக் கோப்பையோடு எதிர் வீட்டுக்கு நடக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.